சாமான்களோடு ஒரு வீடு

அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் அவளுக்கு ‘திரும்பி வரும் சிஸ்டர்’ என்று பெயர். வைத்தது நோயாளிகள். ஒவ்வொரு கட்டிலிலும் கட்டைப் பார்த்து, தலையணையைத் தூக்கி வைத்து, தண்ணீர் டம்ளரைக் கைக்கு எட்டும்படி நகர்த்திவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போகும்போது அந்த ஊர் மொழியில், “நான் போய், திரும்பி வருவேன்” என்பாள். சொன்னபடி அடுத்த சுற்றில் வந்து நிற்பாள். மற்ற நர்சுகளும் வரத்தான் செய்தார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போனவள் இவள் ஒருத்திதான். காலைத் தூக்கிக் கட்டி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உண்மையில் அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நம் வீடுகளில் வாசலைத் தாண்டும்போது வாயில் தானாக வந்து விழுகிற ‘போயிட்டு வரேன்’தான் அது. வேற்று மொழியில் அதற்குச் சட்டை மாட்டி அனுப்பினாள், அவ்வளவுதான். ‘போறேன்’ என்று மொட்டையாகச் சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. சின்ன வயதில் ஒருதரம் அப்படிச் சொல்லிவிட்டு, “அப்படிச் சொல்லக் கூடாதுடி, போயிட்டு வரேன்னு சொல்லு” என்று அம்மாவிடம் தலையில் ஒரு குட்டு வாங்கியிருந்தாள். அந்தக் குட்டு அவளோடு கடல் தாண்டி வந்திருந்தது.

அந்த ஊர் மொழியே அவளுக்கு வார்டில் வந்ததுதான். வேலைக்கு எடுத்தவர்கள் நடத்திய வகுப்பில் எழுத்தைத் தெரிந்துகொண்டாள். பேச்சை நோயாளிகள் கற்றுக்கொடுத்தார்கள். ‘வலிக்கிறதா’, ‘மூச்சை இழுத்து விடு’, ‘எப்போதிலிருந்து இப்படி’, ‘ராத்திரியில் அதிகமாகிறதா’. வேலைக்கு இது தாராளமாகப் போதும். கடைத்தெருவில்தான் கொஞ்சம் இடித்தது. கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?” என்று கேட்பாள். கடைக்காரன் முகம் வெளுத்துப் போய், நல்லதாகப் பொறுக்கிப் போட்டுக் கொடுப்பான்.

இப்படிப்பட்டவள் அந்த ஊரில் வீடு தேடக் கிளம்பினாள்.

அதுவரை ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தாள். ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். அடுத்த கட்டிலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். அவளும் நம்மவள்தான். தூக்கத்தில்கூட வாய் மூடாததால் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். ஊரில் நம் சிஸ்டருடைய கணவனும் மகளும் இருந்தார்கள். கணவனுக்கு மெத்தை தைக்கும் வேலை. மெத்தை, சோபா, பஸ் சீட்டு, பல் டாக்டர் நாற்காலி, எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பஞ்சு மாற்றித் தைத்துவிடுவான். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. குடும்பத்தை அழைத்துக்கொள்ள அவள் கேட்டிருந்த அனுமதி ஒருவழியாக வந்து சேர்ந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. விடுதியில் குடும்பத்துக்கு இடமில்லை. மாத முடிவுக்குள் அவள் பெயரில் வாடகைக்கு எடுத்த வீட்டின் விலாசத்தை ஆபீஸில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி காலாவதி. மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

“உன் பொண்ணு இன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா?” என்று கணவன் ஒரு நாள் போனில் சிரித்தான். “பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வந்து, போனைக் காட்டி, ‘எங்க அம்மா இதுக்குள்ளதான் இருக்கா’ன்னு சொல்றா. அதுவும் நம்பிட்டு, பின்பக்கம் திருப்பிப் பாக்குது.”

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளே வீட்டுத் தரகரைப் பிடித்தாள்.

வெறும் வீடுகள் அந்த ஊரில் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், அலமாரி என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக் குடித்தனம் தொடங்க அவளால் முடியாது. சாமான்களோடு இருக்கிற வீடுதான் வேண்டும். சாமான்களோடு இருக்கிற வீட்டுக்கோ அவளுடைய சம்பளத்தை முழுசாக வழித்துக் கொடுத்தாலும் போதாது. நடுவில் எங்கேயாவது ஒரு வீடு இருக்கும் என்றார் தரகர். அவரும் தமிழர். எந்நேரமும் இடுப்பில் ஒரு வளையத்தில் சாவிகள் குலுங்கும். தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்கும். ரேடியோ அவருக்கு வைத்த பெயர் ‘சலங்கை’.

“கவலைய விடு தங்கச்சி. ஃபர்னிஷ்டு வீடுன்னா இந்த ஊர்ல என்னை விட்டா ஆளில்லை” என்றார் சலங்கை.

அவர் காட்டிய முதல் வீட்டில் ஓர் அறையும் அதன் நடுவில் ஒரு நாற்காலியும் இருந்தன.

“சாமானோட வீடுன்னு சொன்னீங்களே அண்ணே?”

“நாற்காலி இருக்கே.”

“ஒத்த நாற்காலியா?”

“முதல்ல உக்காந்து பாரு. அப்புறம் பேசு.”

இரண்டாவது வீட்டில் கட்டில் சுவருக்குள் இருந்தது. சலங்கை ஒரு பிடியை இழுத்ததும் மேலேயிருந்து சாய்ந்து வந்து படுத்தது. அவள் அசந்துபோனாள். ஆனால் கட்டில் இறங்கியதும் கழிவறைக் கதவு அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டு திறக்க மறுத்தது.

“ராத்திரி அவசரம்னா?” என்று கேட்டாள்.

சலங்கை கட்டிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “சாயங்காலமே யோசிச்சு வச்சுக்கணும்” என்றார்.

போதாததற்குக் கணவன் வேறு போனில் வந்து உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவன் ஜன்னலைப் பார்க்க மாட்டான், சமையலறையைப் பார்க்க மாட்டான். நேரே மெத்தையும் சோபாவும்தான்.

“கிட்டக் கொண்டு போ. தட்டு. ஓரத்துல இல்ல டாக்டரம்மா, நடுவுல. இன்னொரு தட்டு. ம்... உள்ள தேங்காநார் போட்டு மேல ஸ்பாஞ்ச ஒட்டி ஏமாத்தியிருக்கான். வேண்டாம்.”

“நான் டாக்டரம்மா இல்ல. நீங்கதான் இப்ப டாக்டர். நான் கம்பவுண்டர் மாதிரி தட்டிட்டு நிக்கிறேன்.”

“நோயாளி பொழைக்க மாட்டான். அடுத்த வீட்டுக்குப் போ.”

வீட்டுக்காரர்கள் இந்தக் காட்சியைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி சோபாவைத் தட்டுகிறாள். போனுக்குள் இருக்கிற ஆள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான். பிறகு உதட்டைப் பிதுக்குகிறான்.

ஒரு வீட்டில் சுவரெல்லாம் கடிகாரம். வீட்டுக்கார அம்மாளின் தகப்பனார் சேர்த்து வைத்ததாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த மொழியில், “ஒவ்வொருத்தருக்கும் நாடி வேற வேறயா இருக்கே” என்று கவலையோடு சொன்னாள். அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வீட்டு மெத்தையும் கணவனின் பரீட்சையில் தேறவில்லை.

பிடிக்கிறதோ இல்லையோ, வீடு காட்டியவர்களிடம் முகம் முறித்துக்கொண்டு வருவது அவளுக்கு வராது. வாசலில் நின்று கைகூப்பி, “நான் போய், திரும்பி வருவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். உடனே வீட்டுக்காரர்களின் முகம் மலரும். சிலர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். எவ்வளவு மரியாதையான ஜனங்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ரயில் பாதையை ஒட்டிய தெருவில் ஒரு பழைய மாடி வீட்டையும் சலங்கை காட்டினார். வீட்டுக்காரர் ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே அவரும் மனைவியும், மேலே வாடகைக்கு. ஒல்லியான, நீளமான மனிதர். படியில் அவர்களுக்கு முன்னால் ஏறும்போது வலது கையை ஏதோ விளக்கைப் பிடித்திருப்பதுபோல் சற்றுத் தூக்கியே வைத்திருந்தார்.

கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது, சாப்பாட்டு மேஜை இருந்தது. சமையலறையில் பாத்திரங்கள் அளவுப்படி அடுக்கிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதில் ஒரு தாழ்ந்த ஜன்னல். ஒரு குழந்தை எக்காமலேயே வெளியே பார்க்கலாம். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் தண்டவாளமும், கேட்டும், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டும் தெரிந்தன.

“அங்கதான் இருந்தேன்” என்றார் கேட்காரர்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்து, “இது எப்பலேருந்து இப்படி? ராத்திரியில அதிகமாகுதா?” என்று கேட்டாள்.

கேட்காரர் சிரிக்கவில்லை. நன்றாக யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். “போன குளிர்காலத்திலிருந்து. ஆமாம், ராத்திரியிலதான் அதிகம்.”

“யார் யார் குடி வரப் போறீங்க?” என்று பிறகு அவர் கேட்டார். அவள் போனில் மகளின் படத்தைக் காட்டினாள். அவர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தத் தாழ்ந்த ஜன்னலையும் ஒருமுறை பார்த்தார்.

வாடகையைச் சொன்னார். அவள் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சலங்கையைப் பார்த்தாள். சரிதான். இதுவரை பார்த்ததில் எல்லாவற்றையும்விடக் குறைவு.

போனைத் தூக்கிக் கூடத்து சோபாவைக் காட்டினாள். பெரிய பச்சை சோபா. நடுவில் ஒரு தொட்டில் அளவுக்குப் பள்ளம்.

தட்டச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை அவன். “ஐயோ! இது சோபாவா, கிணறா? உன் பொண்ணு உள்ள விழுந்தா கயிறு போட்டுத்தான் எடுக்கணும்.”

அதே நேரம் பார்த்து ஒரு ரயில் போனது. மேஜை மேலிருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

“அது என்ன சத்தம்?”

“ரயில்.”

“வீட்டுக்குள்ளயா?”

“பின்னாடிங்க. நல்ல வீடுங்க இது. வாடகை வேற கம்மி.”

“கம்மின்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். நேத்து பாத்தியே, லிஃப்ட் வச்ச புது வீடு, அந்த மெத்தை எப்படி கிண்ணுனு இருந்துச்சு! அதை முடி.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புது வீட்டுக்காரர் நாளை மறுநாள் கையெழுத்து என்று சொல்லியிருந்தார். வாடகை கொஞ்சம் கடித்தாலும் சமாளிக்கலாம். அவள் போனைப் பைக்குள் போட்டாள். வாசலில் கேட்காரருக்குக் கைகூப்பி, “நான் போய், திரும்பி வருவேன்” என்றாள்.

கேட்காரர் விறைப்பாக நிமிர்ந்து நின்றார். “சரி” என்றார். பிறகு, “எப்போ?” என்று கேட்டார்.

வீடு காட்டியவர்கள் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. வார்டில் கேட்டால் சொல்வதையே சொல்லிவைத்தாள்: “சீக்கிரம்.”

கையெழுத்துப் போட வேண்டிய அன்று காலையில் சலங்கை வந்தார். சாவிச் சத்தமே கேட்கவில்லை. வளையத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

“தங்கச்சி, மனசத் தேத்திக்கோ. அந்தப் புது வீடு போச்சு. வீட்டுக்காரனோட மச்சான் நேத்து பெட்டியோட வந்து எறங்கிட்டானாம்.”

“இன்னிக்குக் கையெழுத்துன்னாரே அண்ணே!”

“பொண்டாட்டியோட தம்பிய வாசல்ல நிக்க வச்சுட்டு உனக்குக் கையெழுத்துப் போட்டா, அப்புறம் அவனே உன்கூட வாடகைக்கு வீடு தேட வேண்டியதுதான்.”

மாதம் முடிகிற தறுவாயில் இருந்தது. ஊரில் கணவன் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். மகள் தன் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து யார் யார் விமானத்தில் வரலாம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே அம்மாக்காரி சலங்கையை விரட்டி விரட்டி மேலும் சில வீடுகள் பார்த்தாள். ஒன்று சாமான் இல்லை, இல்லையென்றால் வாடகை வானத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. கடிகார அம்மாள். போக்குவரத்தைக் கையால் நிறுத்திக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள்.

“திரும்பி வர்றேன்னு சொன்னியே! எங்க வந்தே?”

அவள் விழித்தாள்.

“நீ நாடி சரியில்லைன்னு சொன்னதுக்காக, எங்கப்பாவோட கடிகாரம் எல்லாத்தையும் இறக்கி, ஒரே நேரத்துக்கு வச்சேன். இப்ப என்ன ஆகுது தெரியுமா? எல்லாம் ஒரே சமயத்துல அடிக்குது! ஒவ்வொரு மணிக்கும் எனக்கு உயிர் போய் வருது!”

“நான்... வர்றேன்னு...”

“சொன்னே! கையக் கூப்பிச் சொன்னே! நான் ரெண்டு பேரை வேண்டாம்னு அனுப்பினேன்.”

பஸ் வந்தது. அதில் இவள் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த அம்மாள் ஜன்னல் வழியாகத் திட்டிக்கொண்டே கூட நடந்தாள்.

விடுதிக்கு வந்து ரேடியோவிடம் நடந்ததைச் சொன்னாள். ரேடியோ கேட்கக் கேட்க வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் கட்டிலில் குப்புற விழுந்து தலையணையைக் குத்தினாள்.

“என்னடி சிரிப்பு?”

“அக்கா! நீங்க ‘போயிட்டு வரேன்’னு சொன்னீங்க. அவங்களுக்கு அது ‘வீட்ட எனக்கு வச்சிருங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்’னு காதுல விழுந்திருக்கு. இந்த ஊர்ல கிளம்புறவங்க ‘நல்லா இருங்க’ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டே இருப்பாங்க. திரும்பி வர்றதப் பத்திப் பேச்சே கிடையாது.”

“வார்டுல யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

“வார்டுலதான் நீங்க உண்மையிலேயே திரும்பி வந்துடுறீங்களே! யாருக்கு என்ன சந்தேகம் வரும்?” ரேடியோ எழுந்து உட்கார்ந்தாள். “அது சரி, எத்தனை வீட்டுல இப்படிச் சொல்லியிருக்கீங்க?”

பார்த்த வீடுகள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன. மலர்ந்த முகங்கள், குலுக்கிய கைகள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘எப்போ?’ என்று கேட்ட முகம் மட்டும் போகாமல் நின்றது.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. சலங்கையைப் பார்த்து, எல்லா வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“மாசம் முடியப் போகுது, வீடு தேடுவியா, வேண்டாத வீட்டுக்குப் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வருவியா? வீடு பாக்க வர்றவங்க ஆயிரம் சொல்வாங்க தங்கச்சி. எவன் அதை முடிச்சுப் போட்டு வச்சிருக்கப் போறான்?”

“வார்டுல வர்றேன்னு சொல்லிட்டு ஒரு நாள் நான் வராம இருந்தா, ராத்திரி பூரா கதவப் பாத்துட்டே படுத்திருப்பாங்கண்ணே. எனக்குத் தெரியும்.”

சலங்கை சாவி வளையத்தை இடுப்பில் மாட்டினார். “நட” என்றார்.

ஒற்றை நாற்காலி வீட்டுக்காரர் அவளை மறந்தே போயிருந்தார். சுவர்க்கட்டில் வீட்டில் வேறு ஆள் குடிவந்திருந்தான். கட்டிலை இறக்கிவிட்டு அதன் மேலேயே நின்றுகொண்டு கதவைத் திறந்தான். கடிகார அம்மாள் காப்பி கொடுத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து எல்லாக் கடிகாரமும் சேர்ந்து அடித்ததில், சலங்கை தன் சட்டையில் காப்பியை ஊற்றிக்கொண்டார். பிறகு அந்த அம்மாளும் சிரித்துவிட்டாள். மன்னிப்பு அத்தோடு முடிந்தது.

ரயில் பாதைத் தெருவுக்குத் திரும்பியபோது அவளுடைய நடை மெதுவாகியது. மன்னிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு நாளாகவே அந்தத் தாழ்ந்த ஜன்னல் அவளுக்கு நினைவில் வந்துகொண்டிருந்தது. வீடு இன்னும் காலியாக இருக்குமோ? தூரத்திலிருந்தே கண்ணால் துழாவினாள். போன தடவை கம்பி வேலியில் ‘வாடகைக்கு’ என்று ஒரு பலகை தொங்கியது. இப்போது பலகை இல்லை. அது தொங்கிய கம்பி மட்டும் காற்றில் ஆடியது.

“முடிஞ்சு போச்சு” என்றார் சலங்கை. “வந்ததுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பலாம்.”

மணியை அழுத்தினாள். கதவு உடனே திறந்தது. கேட்காரர் அவளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“லேட்” என்றார்.

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “யாரு, அந்தப் பொண்ணா? வந்துட்டாளா? அப்பாடா! இனிமேலாவது இந்த மனுஷன் ஜன்னலை விட்டு நகருவாரு.” அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “ஏம்மா, சீக்கிரம்னா உங்க ஊர்ல என்ன கணக்கு? கேக்க வந்தவங்களை எல்லாம் ‘ஆள் வருது, ஆள் வருது’ன்னு திருப்பி அனுப்பிட்டார். பலகையையும் கழட்டி வச்சுட்டார்.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “எதுக்கு, ஐயா?”

“எதுக்குன்னா?” கேட்காரருக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. “வண்டி வருதுன்னு தகவல் வந்தா கேட்டை மூடணும். வண்டி வந்து தாண்டுற வரைக்கும் எவன் வந்து ஹாரன் அடிச்சாலும் திறக்கக் கூடாது. லேட்டா வரலாம். அது வண்டியோட இஷ்டம். திறக்காம இருக்கிறது என் வேலை.”

அவர் முன்னால் மாடி ஏறினார். இல்லாத விளக்கைத் தூக்கிப் பிடித்தபடிதான். சமையலறைக் குழாய்க்கு முன்னால் நின்று, டாக்டரிடம் நோயாளியைக் காட்டுவதுபோல் ஒதுங்கிக்கொண்டார். சொட்டவில்லை. “ராத்திரியிலும் பார்த்தேன்” என்றார். பின்பக்கத்துச் சின்ன அறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டிருந்தது. உட்கார்ந்தால் தண்டவாளம் தெரியும்.

இத்தனை நாளாகத் தேடி அலைந்தது கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது. சலங்கை பின்னாலிருந்து தமிழில் கிசுகிசுத்தார். “தங்கச்சி, ஒரு வார்த்தை பேசாத. தலைய மட்டும் ஆட்டு.”

அவள் தலையை ஆட்டவில்லை. கேட்காரரைப் பார்த்து, தெரிந்த மொழியைத் தட்டித் தடவிச் சொன்னாள்.

“ஐயா, தப்பு என்னோடது. நான் அன்னிக்குச் சொன்னது வாக்கு இல்ல. எங்க மொழியில கிளம்பும்போது எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வோம். திரும்பி வர்ற எண்ணம் இல்லாட்டியும் சொல்வோம். நான் வேற வீடு முடிவு பண்ணியிருந்தேன். அது கிடைக்கல. இன்னிக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்.”

சலங்கை கண்களை மூடிக்கொண்டார். சாவிகள் லேசாக நடுங்கின.

கேட்காரர் அதை நிதானமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

“போனீங்க” என்றார்.

“ஆமா.”

“திரும்பி வந்துட்டீங்க.”

“ஆமா... வந்திருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு மன்னிப்பு?” என்றார். ஜேபியிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “வேற லைன்ல போக வேண்டிய வண்டி இந்த லைன்ல வந்திருக்கு. வந்த வண்டிய உள்ள விடறதுதான் முறை.”

கீழேயிருந்து அவர் மனைவி கத்தினாள். “சாவியக் கொடுத்தாச்சா இல்லையா? கொடுத்துட்டு சாப்பிட வாங்க!”

மறுநாள் ஆபீஸில் விலாசத்தைக் கொடுத்தாள். அன்று மாலை கணவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“எந்த வீடு? அந்தக் கிணத்து வீடா?”

“ஆமாங்க.”

“நான் வேண்டாம்னு சொன்னேனே.”

“நீங்க சோபாவைப் பாத்துச் சொன்னீங்க. நான் வீட்டையும் பாத்தேன். மெத்தை தைக்கத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க.”

“ஓஹோ. அதுக்குத்தான் என்னைக் கூப்பிடறியா?”

“பின்ன? உங்க அழகைப் பாக்கவா?”

போனுக்குள் மகளின் முகம் முட்டிக்கொண்டு வந்தது. “அம்மா, கெணறுன்னா நீச்சல் அடிக்கலாமா?”

அவர்கள் வந்து இறங்கியபோது மகள் முதலில் அவளைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள். பிறகு முதுகுப் பக்கம் போய் அங்கேயும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து, அப்பாவிடம், “முழுசா இருக்கா” என்றாள்.

கணவனுக்கு வேலை கிடைக்கும்வரை பொறுமை இல்லை. வந்த மறுநாளே அந்தப் பச்சை சோபாவைக் கவிழ்த்துப் போட்டான். துணியைப் பிரித்தான். நடுப் பள்ளத்தின் அடியில் ஒரு ஸ்பிரிங் உடைந்து, அந்தச் சந்து வழியாகக் காலங்காலமாகப் பல சாமான்கள் உள்ளே போயிருந்தன. ஒரு சீப்பு, சில கரண்டிகள், ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு பித்தளை விசில்.

விசிலைப் பார்த்ததும் கேட்காரரின் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “என் கேட் விசிலை நீ குப்பையில போட்டுட்டேன்னு எத்தனை வருஷம் என்னைப் படுத்தினீங்க! இப்ப சொல்லுங்க, யாரு சரி?” கேட்காரர் விசிலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ரயிலைப் பார்ப்பதுபோல் நின்றார். ரயில் எதுவும் வரவில்லை.

கணவன் ஸ்பிரிங் கட்டி, புதுப் பஞ்சு அடைத்து, தைத்து நிமிர்த்தினான். நடுவில் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்தான். “இப்பதான் இது சோபா” என்றான். கீழ்வீட்டுச் சோபாவும் அந்த வாரமே மாடி ஏறி வந்தது. அப்புறம் அதே தெருவில் இன்னும் சில வீட்டுச் சோபாக்கள். போனில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுச் சத்தம் கேட்ட மனுஷன் இவன்தான் என்று தெரிந்துகொண்டு கடிகார அம்மாளும் ஒரு மெத்தையை அனுப்பிவைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த நாளன்று மகள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கீழே கேட்காரர் வாசலில் நின்றிருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு அந்த ஊர் மொழி தெரியாது. அம்மா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்ததை அவள் பாட்டுக்குச் சொன்னாள்.

“தாத்தா, போயிட்டு வரேன்!”

கேட்காரர் மேலே பார்த்தார். மாடிப்படியில் நின்றிருந்த அம்மா, அந்த ஊர் மொழியில் அதற்கு அர்த்தம் சொன்னாள். அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்து, நேரத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

அவர் விறைப்பாக நிமிர்ந்து, விசிலை ஒருமுறை ஊதினார். மகள் துள்ளிக் குதித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மத்தியானம் அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்ட குரல் மாடிவரை கேட்டது. முதலில் ஒருமுறை, பிறகு கொஞ்சம் கோபமாக இன்னொருமுறை. வாசலிலிருந்து பதில் வந்தது.

“இரு. வண்டி இன்னும் வரலை.”